முதியோரின் மனச்சோர்வை அறிதல்

எண்பத்தைந்து வயது முதியவர் ஒருவர் முற்றத்திற்கு வருவதை நிறுத்திவிடுகின்றார். உணவிற் பாதி உண்கலத்திலேயே எஞ்சுகின்றது. இரவில் உறக்கமில்லை. “வயது போய்விட்டது, அப்படித்தான் இருக்கும்” என வீட்டார் அமைதி கொள்கின்றனர். இவ்வமைதியிலேதான் ஆபத்து உறைகின்றது. முதுமை வேறு, மனச்சோர்வு வேறு. முன்னையது இயற்கை, பின்னையது நோய், அதுவும் சிகிச்சையால் தணிக்கத்தக்க நோய்.

எனினும், முதிர்ந்த வயதில் இதனை இனங்காணல் எளிதன்று. 1960ஆம் ஆண்டில் மக்ஸ் ஹமில்ற்றன் என்னும் மருத்துவ அறிஞர் மனச்சோர்வை அளக்கும் அளவையொன்றை வெளியிட்டார். உறக்கக் குறைவு, பசியின்மை, உடல் மெலிவு முதலியன அதில் இடம்பெற்றன. ஆனால், மூட்டுவலியும் இருதய நோயும் உடைய முதியவரிடத்து இக்குறிகள் அந்நோய்களாலும் தோன்றலாம் அன்றோ?

இவ்விடர்ப்பாட்டை நீக்கவே, அமெரிக்க அறிஞர் ஜெரோம் யெசவேஜும் அவர்தம் குழுவினரும் 1983ஆம் ஆண்டில் முதியோருக்கென 30 வினாக்களை அமைத்தனர். அவை உடற்குறிகளை விடுத்து, வாழ்வில் நிறைவு, சலிப்பு, நம்பிக்கை ஆகியவற்றையே வினவுவன. ‘ஆம்’, ‘இல்லை’ என்பதே விடை. களைப்புற்றோர் பொருட்டு 1986இல் அது 15 வினாக்களாகச் சுருக்கப்பட்டது. இச்சுருக்கத்தில் 5 புள்ளிக்கு மேற்படின் விரிவான பரிசோதனை வேண்டும் என்பதே பொதுவழக்கு. புள்ளி தீர்ப்பன்று, எச்சரிக்கை மட்டுமே.

நினைவு பெரிதும் குன்றியவர் தம் நிலையைத் தாமே உரைக்க இயலாது. அவர்க்கென 1988இல் வெளிவந்த கோர்னெல் அளவை, பராமரிப்பவரையும் வினவி, நோயாளியையும் நேரிற்கண்டு 19 குறிகளை மதிப்பிடுகின்றது. இவற்றோடு, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, உட்கொள்ளும் மருந்துகள், செவிப்புலன் குறைவு என்பவற்றையும் வைத்தியர் ஆராய்தல் வேண்டும்.

வினவும் முறையும் முக்கியமானது. நன்கு கேட்கும் செவிப்பக்கம் அமர்ந்து, பிறர் இல்லாத வேளையில், ஒவ்வொரு வினாவாகக் கேட்டல் வேண்டும். “கவலை” எனக் கூறாதார் பலர் “உடம்புக்கு ஏலாது” என்றே கூறுவர். உயிர்வாழ விருப்பம் குன்றியதா எனக் கேட்கவும் தயங்கலாகாது. கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேளாது விடின், உள்ள எண்ணம் மறைந்தே வளரக்கூடும்.

வீட்டார் அளவைகளைக் கற்க வேண்டுவதில்லை. முன்பு விரும்பியவற்றை முதியவர் வெறுத்து இரு வாரங்கள் கடந்தனவாயின், வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். உயிரை வெறுத்த சொல் பிறந்ததாயின், ஒரு நாளேனும் தாமதித்தல் தகாது.