டேப்லெட்டில் இடம் குறையும்போது

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் பயன்பாட்டிற்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம், இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேர் முதல் கிரேட் நிக்கோபார் வரை பல தீவுகளை எட்டுகிறது. அதற்கு முன்னர், தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அரிதாகக் கிடைத்த வேகத்தில் பதிவிறக்கிய ஒரு பாடலையோ காணொளியையோ அழிக்க எவருக்கும் மனம் வந்ததில்லை. இணைப்பு மேம்பட்ட பின்னும் அவ்வழக்கம் நம்மிடம் தொடர்கிறது. விளைவாக, டேப்லெட் நிறைந்துவிடுகிறது.

இது வெறும் வசதிக்குறைவு அன்று. இடமில்லாத கருவியில் வங்கிச் செயலியும் இயங்குதளமும் புதுப்பிப்புகளை ஏற்க இயலாது. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வன அப்புதுப்பிப்புகளே. அவசரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பதும் ஆபத்தே.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில், வீடுகளோடு ஆவணங்களும் குடும்பப் படங்களும் அழிந்ததைத் தீவு மக்கள் அறிவார்கள். ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரே நாளில் இல்லாமற்போகலாம். ஆகவே முதலில் நகல், பின்னரே நீக்கம் என்பதை விதியாகக் கொள்வோம்.

'அமைப்புகள்' பகுதியில் 'சேமிப்பகம்' என்பதைத் திறந்தால், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது தெரியும். பெரும்பாலும் காணொளிகளே முதலிடம் பெறும். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் உள்ள சேமிப்பக நிர்வாகப் பகுதி, பெரிய கோப்புகளையும் பலமுறை பகிரப்பட்டவற்றையும் தனித்தனியே காட்டும். அங்கிருந்து தொடங்குவது எளிது. பார்த்து முடித்த திரைப்படப் பதிவிறக்கங்களை அடுத்து நீக்கலாம்.

புகைப்படங்களில் கூடுதல் கவனம் தேவை. கூகுள் கணக்கு ஒன்றிற்கு 15 ஜி.பி. இடம் இலவசம், மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் ஆகிய அனைத்திற்கும் அதுவே பொது. கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை வழக்கமான முறையில் நீக்கினால், மேகச் சேமிப்பில் உள்ள நகலும் குப்பைத்தொட்டிக்குச் சென்றுவிடும். நகல் எடுக்கப்பட்டவற்றைக் கருவியிலிருந்து மட்டும் அகற்ற, அதிலுள்ள 'இடத்தைக் காலியாக்கு' என்னும் வசதியையே பயன்படுத்த வேண்டும். மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ மற்றொரு நகல் வைத்திருப்பது மேலும் நன்று.

செயலிகளைப் பொறுத்தவரை, தற்காலிகக் கோப்புகளை, அதாவது 'கேச்'சை நீக்குவதால் தீங்கில்லை. ஆனால் 'தரவை அழி' என்பதைத் தொட்டால் செயலி புதிதாக நிறுவியதுபோல் ஆகிவிடும். வங்கிச் செயலியில் அவ்வாறு செய்தால், பதிவு செய்த கைப்பேசி எண்ணைக் கொண்டு மீண்டும் பதிய நேரிடும். வெளியூரிலோ சிக்னல் கிட்டாத தீவிலோ இருக்கும்போது இது பெரும் இடர்.

எல்லாவற்றையும் மேகத்திற்கு அனுப்பிவிடுவதும் தகாது. நடுக்கடலில் செல்லும் கப்பலில் இணையம் எப்போதும் கிட்டாது. பயணச்சீட்டு, மருந்துச் சீட்டு, அடையாளச் சான்று ஆகியன கருவியிலேயே இருக்கட்டும். ஆனால் ஏ.டி.எம். அட்டையின் படம், இரகசிய எண்ணை எழுதிய குறிப்பு, கடவுச்சொல்லின் திரைப்பிடிப்பு ஆகியன எங்கும் இருத்தல் ஆகாது. அவற்றை நீக்கியபின் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லையேல் அவை சில வாரங்கள் அங்கேயே தங்கியிருக்கும்.

'ஒரே தொடுதலில் இடம் விடுவிப்போம்' என விளம்பரம் செய்யும் செயலிகளை நாம் நாட வேண்டியதில்லை. கருவியிலேயே உள்ள வசதிகள் போதும். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பின் வழி எச்செயலியையும் நிறுவலாகாது. அவை குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்று, ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கவரக்கூடும். அவ்வழியில் பணம் பறிபோயிருந்தால், உடனே வங்கிக்குத் தெரிவித்து 1930 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை கால்மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்துவந்தால் போதும். புதுப்பிப்பு வரும் நாளில் அதற்கு வேண்டிய இடம் நம் டேப்லெட்டில் ஆயத்தமாக இருக்கும்.