மேடு பள்ளமான மதிப்பெண்களும் கலாசாலைப் பிரவேசமும்

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்குச் சற்று முன்னரே ஆண்டுதோறும் பிளஸ் டூ பரீட்சையின் முடிவுகள் வெளியாகிவிடுகின்றன. அன்று முதல் தென்காசி ஜில்லாவில் வீடுதோறும் எழும் கேள்வி ஒன்றே: "இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?" எல்லாப் பாடங்களிலும் உயர்ந்து நிற்கும் பிள்ளைக்கு விடை எளிது. ஒன்றில் 98, மற்றொன்றில் 62 என்று பெற்ற பிள்ளையின் பெற்றோரே திகைக்கின்றனர். கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றி மகளைப் படிக்க வைத்த தாய், மொத்தத் தொகையைக் கண்டு மனமுடைந்து, குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி அருகிலிருந்தும், "படித்தது போதும்" என்று நிறுத்திவிடுகிறாள். வசதி சற்று உடையவரோ நகையை அடகு வைத்துப் பணத்துக்கு இடம் தேடுகிறார். இரண்டும் ஒரே அறியாமையின் விளைவுகள். எல்லாக் கலாசாலைகளும் மதிப்பெண்ணை ஒரே தராசில் நிறுப்பதில்லை என்பதை இவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். 2007-ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்வு ஒழிந்த பின்னர், சர்க்கார் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, பௌதிகத்திற்கு 50, ரசாயனத்திற்கு 50 ஆக 200-க்கே கணக்கு. கணிதத்தில் 98, பௌதிகத்தில் 80, ரசாயனத்தில் 76 பெற்றவன் ஒருவன்; கணிதத்தில் 76, பௌதிகத்தில் 98, ரசாயனத்தில் 80 பெற்றவன் மற்றொருவன். இருவருக்கும் கூட்டுத்தொகை 254 தான். ஆயினும் முன்னவனுடைய கட் ஆப் 176, பின்னவனுடையது 165. இந்த இடைவெளிக்குள் பல்லாயிரம் பெயர்கள் அடங்கிவிடும். முன்னவன் தமிழில் 62 மட்டுமே பெற்றிருப்பினும், அது இந்த 200-இல் சேர்வதேயில்லை.

அதே 62 திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யின் வாயிலில் குறுக்கே நிற்கக்கூடும். அங்கே இடம் தருவது ஜே.இ.இ. வரிசையாயினும், மொழிப்பாடத்தையும் சேர்த்துப் பிளஸ் டூவில் 75 சதவீதமேனும், இல்லையேல் தம் போர்டில் தேறியவர்களுள் முதல் 20 சதவீதத்தாரில் ஓர் இடமேனும் வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 65 சதவீதம் போதும். வைத்தியக் கல்விக்கோ தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் தேர்வே வரிசையை நிர்ணயிக்கிறது. அதன் 720 மதிப்பெண்ணில் சரிபாதியான 360 உயிரியலுக்கு உரியது. பௌதிகத்தில் இடறியவர் உயிரியலால் ஓரளவு ஈடுசெய்துகொள்ளலாம். சர்க்கார் கலைக் கல்லூரிகளிலோ தமிழ் இலக்கிய வகுப்புக்குத் தமிழ் மதிப்பெண்ணைக் கொண்டே வரிசை அமைகிறது. கணிதத்தில் தாழ்ந்த பெண்ணொருத்தி அங்கே முன்வரிசையில் நிற்கலாம்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டுவது என்ன? முதலாவது, ஒவ்வொரு கலாசாலையின் முறைப்படியும் தனித்தனியே கணக்கிடுக. இரண்டாவது, சென்ற ஆண்டில் எந்த எண்ணோடு அங்கே சேர்க்கை முடிந்ததென்று, பாடவாரியாகவும் வகுப்புவாரியாகவும் பார்க்க. 69 சதவீத இடஒதுக்கீடு உள்ள நாட்டில், ஒரே வகுப்பறைக்கு எல்லைகள் பல. 6 முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்தோர்க்கு, வைத்தியத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீதம் தனியே உண்டு. இதை அறியாமல் இழப்பது பெருங்குற்றம். மூன்றாவது, எல்லைகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கும். எனவே விருப்பப் பட்டியலில் எட்டாதவை சில, எட்டக்கூடியவை பல, உறுதியானவை சில என்று எழுதுக. எட்டாதவற்றை மட்டும் எழுதியவர் முடிவில் வெறுங்கையோடு திரும்புவர்.

சராசரியை மட்டும் நோக்கும் பார்வையின் தீங்கை நம் நாடு முன்பே கண்டிருக்கிறது. 1904-இல் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த ராமானுஜன், கணிதமல்லாத பாடங்களில் தவறி அதை இழந்தார். 1907-இல் எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. அவரைத் தேறாதவர் என்று தள்ளிய சென்னை சர்வகலாசாலையே 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. 1918-இல் அவர் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். மேடு பள்ளமான மதிப்பெண் பெற்றோர் யாவரும் ராமானுஜர்கள் அல்லர். ஆயினும் மேடு எங்கே என்று பாராமல் பள்ளத்தை மட்டும் எண்ணிக்காட்டுவது நியாயமாகாது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனியார் நடத்தும் பயிற்சிப் பள்ளி, பிளஸ் டூ மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்ளாமல் தன் சொந்தத் தேர்வினால் இளைஞர்களைச் சேர்க்கிறது. பட்டம் தராவிடினும், வேலைக்கு வழி காட்டுகிறது. இத்தகைய வாயில்களும் உண்டென்பதை மறத்தலாகாது.

பீடி சுற்றும் தாய் இத்தனை கணக்கையும் தாமே போட்டுக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்ப்பது அறமன்று. முடிவு வெளியான வாரத்திலேயே ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் மாணாக்கரைப் பெற்றோருடன் அழைத்து உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் திறந்துள்ள வாயில்களை எழுதிக் கொடுக்க வேண்டும். படித்த வாலிபர்களும் வக்கீல்களும் அதற்குத் துணை நிற்கட்டும். மதிப்பெண் பட்டியல் ஒரு சாட்சியமே. அதை முழுதும் வாசிக்குமுன் ஒரு பிள்ளையின் வாழ்வுக்குத் தீர்ப்பெழுத எவருக்கும் உரிமையில்லை.