உஷார்! ஓடுகிற வேனைவிட நிற்கிற வேன் ஆபத்து

சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் குடியிருக்கும் தம்பதிகளே, லீவுக்கு கேம்பர் வேன் புக் பண்ணியாச்சா? சக்லேஷ்பூர் மலை, ஷிராடி காட் இறங்கினால் மங்களூர், அப்புறம் கடலோரமாகவே மரவந்தே, கோகர்ணா என்று ரூட்டும் போட்டாச்சா? நல்லது, போய் வாருங்கள். ஆனால் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி ஏசி எதில் ஓடுகிறது?

"ஜெனரேட்டர் இருக்கு சார்" என்று பதில் வந்தால் உஷார். "இன்ஜினை ஆன்லயே விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று வந்தால் இன்னும் உஷார்.

2024 டிசம்பர் 23. கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் ஒரு கேரவன் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தது. சந்தேகப்பட்டுப் பார்த்தால் உள்ளே இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். ஒருவர் வண்டியின் டிரைவர், மற்றவர் அதே கம்பெனி ஊழியர். சவாரியை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஓய்வெடுக்க வண்டியை ஓரங்கட்டி, ஜெனரேட்டரில் ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருக்கிறார்கள். ஒருவர் உடல் வாசல் படியருகே கிடந்தது. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு அளந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் உள்ளே கார்பன் மோனாக்சைடு 957 பிபிஎம். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 50தான். ஜெனரேட்டர் புகை வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது.

கேரவனிலேயே பிழைப்பு நடத்தியவர்களுக்கே இந்தக் கதி. சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுக்கும் நமக்கு அந்த வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

ஆகவே குனிந்து பாருங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். கேம்பர் என்று விடப்படும் வண்டிகள் பல, டெம்போ டிராவலரின் சீட்டைக் கழற்றிவிட்டு பிளைவுட் அடித்துக் கட்டில் போட்டவை. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு ஓட்டை, வயருக்கு ஒரு ஓட்டை, சிங்க் கழிவுக்கு ஒரு ஓட்டை என்று தளத்தைத் துளைத்திருப்பார்கள். பல இடங்களில் சீல் பண்ணியிருக்க மாட்டார்கள். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டிலுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகப் புகையும் வரும். ஜெனரேட்டரின் சைலன்சர் வாய் வண்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, அடியிலேயே முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். சுவரையோ மலைச் சரிவையோ ஒட்டி நிறுத்தினால் புகை கலைய இடமில்லாமல் வண்டியைச் சுற்றியே தேங்கும். ஏசியோ உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், தலைசுற்றல், தூக்கம். காட் ரோட்டில் வளைந்து வளைந்து வந்தவருக்கும் இதே நான்கும்தானே வரும்! மலைப் பயணத்தில் இது இவ்வளவு சுலபமாக ஏமாற்றுவது அதனால்தான். "தலையை வலிக்குதுங்க" என்று மனைவி சொல்வார். "வளைவுல வந்ததும்மா, மாத்திரை போட்டுட்டுப் படு" என்று கணவர் சொல்வார். இருவருக்கும் ஒரே நேரத்தில் மந்தம் ஏறுவதால் ஒருவரை ஒருவர் எழுப்பவும் ஆள் இருக்காது.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. கொரோனா காலத்தில் வாங்கின ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் கிடக்கிறது. அதை விரலில் மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். சாதாரண ஆக்ஸிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வண்டிக்குள் தலைவலி வந்தால் ஜன்னலை லேசாகத் திறந்துவிட்டுத் திரும்பப் படுக்காதீர்கள். இருவரும் இறங்கி வெளிக்காற்றுக்கு வாருங்கள், முடிந்தால் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். மயக்கமாக இருந்தால் 108, அல்லது 112. டாக்டரிடம் "மூடின வண்டியில் ஜெனரேட்டர் ஓடியது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

எங்களுடையதில் ஜெனரேட்டரே கிடையாது, சோலார் பேனல்தான் என்பவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலையில், குளிருக்குக் கேஸ் ஹீட்டரைப் போட்டு ஓட்டல் அறையை அடைத்துக்கொண்டு படுத்த கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் நான்கு குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பெக்யூ அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் மறுநாள் எழவில்லை. கரி அணைந்த மாதிரி சாம்பல் பூத்திருந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். ஊட்டியில் டிசம்பர் குளிருக்கு அந்தத் தணலை வேனுக்குள் தூக்கி வைக்கலாமா என்று தோன்றும் பாருங்கள், அந்த ஆசையை அங்கேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

அடுத்தது சிலிண்டர். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து, லக்னோவிலிருந்து வந்த பயணிகள் ஒன்பது பேர் கருகினார்களே, மறக்க முடியுமா? அது ரயில் பெட்டி. உங்கள் வேன் அதில் கால்வாசிகூட இருக்காது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கும். தரைமட்டத்தில் காற்றுத் துவாரம் இல்லாத வண்டியில் உள்ளே சமைக்கவே சமைக்காதீர்கள். ரோட்டுக் கடையில் கள்ளத்தனமாக நிரப்பின மினி சிலிண்டரும் வேண்டாம். அடுப்பை வெளியே இறக்கி டீ போட்டால் ருசி குறைந்தா போகும்?

எங்கே நிறுத்துவது என்பதிலும் உயிர் இருக்கிறது. ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் ஆபீஸ் முடித்து வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, ஓசூர் ரோடு நெரிசலில் சிக்கி, நைஸ் ரோடு, மைசூர் தாண்டிக் குண்டல்பேட்டை சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். பந்திப்பூர் காட்டுச் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவது 2009லிருந்தே வழக்கம். கேட் மூடினதும் சாலையோரமே ஓரங்கட்டி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுத் தூங்குவார்கள். வடகரைச் சம்பவமும் இப்படித்தானே ஆரம்பித்தது! சனிக்கிழமை விடியக் கிளம்புங்கள், ஊட்டிக்கு இ-பாஸையும் முன்னாடியே எடுத்துவிடுங்கள்.

கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் 2024 ஜூலை 16-ஐ நினைவில் வையுங்கள். கோகர்ணாவுக்குச் சற்று வடக்கே, அங்கோலா தாலுகா ஷிரூரில், அகலப்படுத்த வெட்டின மலை தேசிய நெடுஞ்சாலை 66 மேல் சரிந்தது. டீக்கடை போனது, நிறுத்தியிருந்த லாரிகள் கங்காவளி ஆற்றுக்குள் போயின. கேரள டிரைவர் ஒருவரின் லாரியும் உடலும் செப்டம்பர் 25 அன்றுதான் கிடைத்தன. ஒரு பக்கம் வெட்டின மலை, மறு பக்கம் தண்ணீர் என்று போட்டோவுக்கு அழகாக இருக்கிற இடம்தான் மழைக்காலத்தில் வேன் நிறுத்தவே கூடாத இடம்.

கடைசியாக நம்பர் பிளேட். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்குக் கொடுக்கக் கூடாது. அதில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும். ஆர்.சி.யில் வண்டி என்னவென்று பதிவாகியிருக்கிறது என்பதையும் படித்துப் பாருங்கள்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரமோ கேஸ் லீக் அலாரமோ அந்த வேலையைச் செய்யாது, பெயரைப் பார்த்து வாங்குங்கள். தலைமாட்டுப் பக்கம் மாட்டுங்கள், தினமும் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். அது கையில் இருந்தாலும் தூங்கும்போது இன்ஜினும் ஜெனரேட்டரும் ஓடக் கூடாது. வெக்கை தாங்கவில்லையென்றால் அந்த ராத்திரிக்கு ஒரு லாட்ஜில் ரூம் போடுங்கள். டார்ச் அடித்துப் பார்க்க வண்டிக்காரர் விடவில்லையென்றால் அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, வேறு வண்டி பாருங்கள்.