சம்பளச் சீட்டும் மின் அட்டையும்

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் அமைந்துள்ள சூரமங்கலம், முன்னர்த் தனி நகராட்சியாக இருந்து, 1994-இல் சேலம் மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைந்து, இன்று அதன் நான்கு மண்டலங்களுள் ஒன்றாக விளங்குகிறது. 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையும், 2007 நவம்பர் 1 அன்று தொடங்கப்பட்ட சேலம் ரயில்வே கோட்டத்தின் அலுவலகங்களும் மாதச் சம்பளக் குடும்பங்களை இப்பகுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்களுக்கு அருகிலேயே சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் செய்த வேலைக்கேற்பக் கூலி பெறுவோரும், தறிக்கூடங்களில் வாரக் கூலி வாங்குவோரும் வாழ்கின்றனர். குளிர்சாதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்க வேண்டிய நிலை வரும்போது இவ்விரு வகைக் குடும்பங்களுக்கும் கிடைக்கும் கடன் ஒன்றுபோல இருப்பதில்லை. வேறுபாட்டின் வேர் வருமானத்தின் அளவில் இருப்பதைவிட, கடனைத் திரும்ப வசூலிக்கும் வழியில்தான் அதிகம் இருக்கிறது.

சம்பளக்காரருக்கு உள்ள வழி ‘பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம்’ ஆகும். ஒரே நிறுவனத்தில் அல்லது துறையில் பணிபுரிவோர் பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகி, மாதந்தோறும் சிறு தொகையைச் சிக்கன சேமிப்பாகச் சேர்த்து, அவ்வாறு திரண்ட நிதியிலிருந்தும் மத்தியக் கூட்டுறவு வங்கியில் சங்கம் பெறும் கடனிலிருந்தும் தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்ட 1904-ஆம் ஆண்டிலேயே சென்னை திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. தமிழ்நாட்டில் இத்தகைய சங்கங்கள் இப்போது 1983-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ரயில்வே ஊழியர்களுக்குத் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வே ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. உறுப்பினர் கேட்கும் தொகைக்குச் சக ஊழியர் ஒருவரோ இருவரோ ஜாமீன் நிற்க, சங்கம் கடனை வழங்குகிறது. மாதத் தவணையைச் சம்பளம் வழங்கும் அலுவலகமே பிடித்தம் செய்து சங்கத்துக்கு அனுப்புகிறது. சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிக்கும் வருமான வரிக்கும் அடுத்து ‘சங்கம்’ என்று நிற்கும் அந்த ஒற்றை வரிதான் இக்கடனின் உயிர்நாடி. வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை, வாராக்கடன் குறைவு, எனவே வட்டியும் குறைவு. ஆண்டு இறுதியில் இலாபம் மிஞ்சினால் அது பங்கு ஈவாக உறுப்பினருக்கே திரும்புகிறது. கட்டிய வட்டியில் ஒரு பகுதி கட்டியவர் கைக்கே வந்துசேரும் கடன் இது.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கடைவீதித் தவணையே வழி. தவணை என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் பெருகியதே தவணைக் கடனால்தான் என்பதால், இங்கு வளர்ந்தவர்களுக்கு ‘டியூ’ என்ற சொல் தாய்மொழிச் சொல்லைப் போலவே பழகியிருக்கிறது. ஆனால் லாரி ஓடினால் வாடகை கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டி அப்படி எதையும் ஈட்டித் தராது. அதனால் அதற்கான வட்டியைக் கூடுதல் கவனத்துடன் கணக்கிட வேண்டியிருக்கிறது.

வட்டிக் கணக்கில் இரு முறைகள் உண்டு. வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசித் தவணை வரை ஒரே அளவில் வட்டி போடுவது ஒன்று. இதனைக் கடைக்காரர்கள் ‘பிளாட் வட்டி’ என்கின்றனர். அசல் குறையக் குறைய மீதமுள்ள தொகைக்கு மட்டும் வட்டி போடுவது மற்றொன்று. இது குறையும் நிலுவை முறை. 24,000 ரூபாய்ப் பெட்டி ஒன்றை 24 மாதத் தவணையில் 12 சதவீத பிளாட் வட்டிக்கு வாங்குபவர் மாதம் 1,240 ரூபாய் கட்டி, மொத்த வட்டியாக 5,760 ரூபாய் செலுத்துகிறார். அதே 12 சதவீதத்தைக் குறையும் நிலுவையில் கணக்கிட்டால் மாதத் தவணை சுமார் 1,130 ரூபாய். மொத்த வட்டி 3,100 ரூபாயைச் சற்றே தாண்டும். முதல் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 சதவீதம் என்பதை விளம்பரப் பலகை சொல்வதில்லை. ‘ஜீரோ வட்டி’ என்ற அறிவிப்பைப் பற்றி 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை வெளிப்படையாகவே கூறியது. ரொக்கத்துக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பதன் வழியாகவோ, ‘பிராசஸிங்’ கட்டணம் என்ற பெயரிலோ அந்த வட்டி வாங்குபவரிடமிருந்தே பெறப்பட்டுவிடுகிறது.

சம்பளச் சீட்டின் இடத்தை நிரப்பக்கூடிய வேறொரு ஆவணம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய, கணக்கெடுக்க வருபவர் யூனிட்டையும் தொகையையும் பேனாவால் குறித்துச் சென்ற மின் அட்டைதான் அது. இப்போது குறுஞ்செய்தியாக வந்தாலும் இணைப்பு எண் மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கட்டப்படும் மின்கட்டணம், ஒரு குடும்பத்தின் நாணயத்துக்கு ஆண்டுக்கு ஆறு முறை கிடைக்கும் சான்று. அந்தக் கட்டணத்தோடு சேர்த்தே சாதனக் கடனின் தவணையையும் வசூலிக்கலாம் என்ற எண்ணம் 90 ஆண்டுப் பழமை உடையது.

அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவின்போது, டென்னசி பள்ளத்தாக்கில் அரசு மலிவாக மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஆனால் வீடுகளில் அதைப் பயன்படுத்தச் சாதனங்கள் இல்லை. எனவே 1934-இல் ‘மின் இல்லம் மற்றும் பண்ணை ஆணையம்’ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. உற்பத்தியாளர்களுடன் பேசி விலை குறைந்த குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, நீர்ச்சூடேற்றி ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரச் செய்து, கடைக்காரர் எழுதும் தவணை ஒப்பந்தத்தைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டு, தவணையை மின்கட்டணச் சீட்டின் வழியே வசூலிப்பது அதன் முறை. அடுத்த ஆண்டு ஊரக மின்மயமாக்கல் நிர்வாகம் அமைந்தபோது அந்நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து மின்கம்பி இழுத்த கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கம்பிக்கு மட்டுமன்றி, வீட்டு ஒயரிங்குக்கும் சாதனங்களுக்கும் கடன் கொடுக்க வழிசெய்யப்பட்டது. சங்கம் அந்தப் பணத்தை உறுப்பினருக்கு மறுகடனாக வழங்கியது. இதில் சங்கத்துக்கும் நன்மை இருந்தது: ஒரு பல்பு மட்டும் எரியும் வீட்டுக்கு மைல் கணக்கில் இழுத்த கம்பியின் செலவு எந்நாளும் ஈடாகாது.

இந்தியாவிலும் ஊரக மின்மயமாக்கல் கழகம் 1969-இல் நிறுவப்பட்டதை ஒட்டி, கர்நாடகத்தின் ஹுக்கேரி, இன்றைய தெலங்கானாவின் சிரிசில்லா போன்ற இடங்களில் மின்விநியோகக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கிருஷ்ணகிரி எல்லைக்கு அப்பால் குப்பத்திலும் அப்படி ஒரு சங்கம் இயங்கியது. சேலத்தின் வரலாறு வேறு. மேட்டூர் அணையின் நீர்மின் நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கிய வட்டாரம் இது. நகரத்துக்குச் சேலம்–ஈரோடு மின்விநியோகக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் மின்சாரம் வழங்கியது. 1957-இல் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம் காலப்போக்கில் மாநிலம் முழுவதற்கும் ஒரே விநியோகஸ்தரானது. இதனால் மின்சாரம் தருபவரும் கடன் தரும் கூட்டுறவும் இங்கே இரு தனி நிறுவனங்களாகவே நின்றுவிட்டன. வாரியத்தின் சொந்த ஊழியர்கள் தங்கள் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் பெற்றுச் சாதனம் வாங்க முடிகிறது. அவர்கள் மின்சாரம் வழங்கும் கொலுசுத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சாதனங்களைப் பரவலாக்கும் வேலையைத் தமிழ்நாட்டில் அரசே நேரடியாகச் செய்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2006-இல் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-இல் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் கடனின் நிழலே படாமல் ஏழை வீடுகளை மாற்றின. ஆட்டுக்கல்லுக்கு முன் பெண்கள் செலவழித்த மணிநேரங்களை மீட்டுக்கொடுத்த இரண்டாவது திட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. ஆயினும், இலவசமாக வந்த விசிறி பழுதானபின் அடுத்த விசிறியைக் குடும்பம் தானே வாங்க வேண்டியிருக்கிறது. எந்த விசிறியை வாங்குகிறார்கள் என்பதில்தான் சாதனக் கடனின் இன்றைய பொருள் அடங்கியிருக்கிறது. 1930-களில் மின்சாரப் பயன்பாட்டைக் கூட்டுவதற்காகப் பிறந்த இந்த ஏற்பாடு, இன்று அதைக் குறைப்பதற்கே தேவைப்படுகிறது.

பழைய வகைக் கூரைவிசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை மோட்டார் கொண்ட விசிறிக்கு 30 வாட் அளவே போதும். சேலத்துக் கோடையில் ஒரு விசிறி நாளுக்கு 14 மணிநேரம் சுற்றுவதாகக் கொண்டால், மூன்று விசிறிகளை மாற்றும் வீட்டுக்கு இரு மாதத்தில் 110 யூனிட் அளவுக்கு மிச்சமாகும். இந்த மிச்சம் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாக வருவதில்லை. முதல் 100 யூனிட் இலவசம் என்பதாலும், இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் வீடு கீழ் அடுக்கின் மலிவு விலையையும் இழந்துவிடுகிறது என்பதாலும் வேறுபாடு பெரிதாகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அப்போதைய கட்டண அடுக்கின்படி கணக்கிட்டால், 560 யூனிட் பயன்படுத்திய வீடு 450-க்கு இறங்கினால் 2,430 ரூபாய்க் கட்டணம் 1,425 ஆகி, ஓராயிரம் ரூபாய்க்குமேல் மிச்சம். 310-லிருந்து 200-க்கு இறங்கும் வீட்டுக்கு 495 ரூபாய் மிச்சம். 190-லிருந்து 80-க்கு இறங்கும் ஏழை வீட்டுக்கோ 202 ரூபாய் 50 காசு மட்டுமே. விசிறி ஒன்று 3,000 ரூபாய் எனக் கொண்டால், வசதியான வீடு போட்ட 9,000 ரூபாயை ஒன்றரை ஆண்டில் மீட்டுவிடும். ஏழை வீட்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேலாகும்.

அந்த ஏழை வீடு மிச்சம் பிடித்த மின்சாரத்தின் மதிப்பு எங்கும் போய்விடவில்லை. உற்பத்திச் செலவுக்கும் குறைந்த விலையிலும், முதல் 100 யூனிட்டை விலையே இல்லாமலும் கொடுக்கும் ஏற்பாட்டில், ஏழை வீட்டில் குறையும் ஒவ்வொரு யூனிட்டும் வாரியத்தின் இழப்பையும் அதை ஈடுகட்டும் அரசு மானியத்தையும் குறைக்கிறது. ஆகவே, கூட்டுறவுச் சங்கம் ஏழை உறுப்பினருக்குத் தரும் விசிறிக் கடனின் வட்டியை, ஆதாயம் பெறும் வாரியமும் அரசும் ஏற்பதே நீதி. அசலை மட்டும் உறுப்பினர் கட்டினால் போதும். எல்.இ.டி. பல்பு விநியோகத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. புதுச்சேரியில் 2014-இல் தொடங்கி, 2015 ஜனவரியில் நாடு தழுவிய ‘உஜாலா’ திட்டமாக விரிந்தபோது, சில மாநிலங்களில் 10 ரூபாய் முன்பணம் கொடுத்துப் பல்பைப் பெற்று, மீதியை மின்கட்டணத்தோடு சிறு தவணைகளாகக் கட்ட முடிந்தது. பல்புக்கு நடந்தது விசிறிக்கு நடக்கக் கூடாதென்று எந்தத் தடையும் இல்லை.

தீர்க்க வேண்டிய சிக்கல்கள் உள்ளன. சூரமங்கலத்தில் வாடகைக் குடித்தனங்கள் ஏராளம். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்க, சாதனம் குடியிருப்பவருடையதாக இருக்கும். கன்சாஸ் மாநிலத்து மின் கூட்டுறவு ஒன்று 2007-இல் தொடங்கிய திட்டத்தில் தவணையை ஆளோடு பிணைக்காமல் மீட்டரோடு பிணைத்து, அடுத்துக் குடிவருபவர் தொடருமாறு செய்தது. சுவரோடு நிற்கும் சாதனங்களுக்கு அது பொருந்தும், தூக்கிச் செல்லும் விசிறிக்குப் பொருந்தாது. எனவே இங்கே உறுப்பினரின் பங்குத்தொகையும் பக்கத்து வீட்டாரின் ஜாமீனும் தேவைப்படும். தவணை தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்ற அதிகாரம் மட்டும் எக்காலத்திலும் சங்கத்துக்குத் தரப்படலாகாது; குழந்தை படிக்கும் விளக்கை விசிறிக் கடனுக்குப் பிணையாக்குவது கூட்டுறவு ஆகாது. வசூலித்த பணம் உரிய நாளில் சங்கத்துக்குச் சேர்வதற்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். சில பொதுத்துறை நிறுவனங்களில் ஊழியர் சம்பளத்தில் பிடித்த தவணையை நிர்வாகம் மாதக்கணக்கில் சங்கத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்ததும், அதனால் பிற உறுப்பினர் கடனின்றித் தவித்ததும் தொழிற்சங்கங்கள் மீண்டும் மீண்டும் எழுப்பிய புகார்.

புதிய நிறுவனம் எதுவும் இதற்குத் தேவையில்லை. கடன் கொடுக்கக் கூட்டுறவு வங்கிக் கிளைகள் இருக்கின்றன, சாதனம் விற்கக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் இருக்கின்றன, வசூலிக்க மின்வாரியத்தின் கட்டண மையம் இருக்கிறது. இம்மூன்றையும் இணைக்கும் ஒரு சோதனைத் திட்டத்தைச் சம்பளக்காரரும் கூலிக்காரரும் அருகருகே வாழும் சூரமங்கலம் மண்டலத்தில் தொடங்கும்படி கூட்டுறவுத் துறையும் எரிசக்தித் துறையும் ஆணையிட வேண்டும். அதுவரை தவணையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும், மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, வந்த தொகையை ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுவது நல்லது.