ஆணிக்கருகே கிடக்கும் தோடு

கோலார் தங்கவயல் என்றதும் நேயர்களுக்குப் பொன்தான் நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வூர் லைன் வீடுகளின் முற்றத்து மண்ணில் எளிதில் அகப்படுவது இரும்பே. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பணி தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றது வரை, தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. அங்கே ஆணியும் கம்பியும் தகரத்துண்டும் புதைந்து கிடப்பதில் வியப்பில்லை.

அத்தகைய முற்றமொன்றில் பாட்டியாரின் பொற்றோடு தொலைந்ததென்று வைத்துக்கொள்வோம். உலோகம் காட்டும் கருவியைக் கொண்டு தேடுகிறோம். கருவி வாய் திறக்கவில்லை. தோடு அங்கே இல்லையென்று முடிவு கட்டலாமா? கூடாது.

கருவியின் வளையச் சுருளில் ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்தில் அகப்படும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, எதிர்க்குறி ஒன்றை அனுப்புகிறது. இரும்பின் குறி வேறு, பொன்னின் குறி வேறு. ஆனால் ஆணியும் தோடும் ஒரே சுருளின் அகலத்திற்குள் கிடந்தால் இரு குறிகளும் ஒன்றாய்க் கலந்துவிடும். இரும்பை ஒதுக்குமாறு கருவியை அமைத்திருந்தால், ஆணியோடு தோட்டையும் அது ஒதுக்கிவிடும்.

இதற்கு வழி என்ன? முதலாவதாக, 11 அங்குலச் சுருளுக்குப் பதில் 5 அங்குலச் சுருளைப் பூட்டுக. இரண்டாவதாக, இரும்பை ஒதுக்கும் அளவைக் குறைத்திடுக. அதனை மிக உயர்த்தினால் மெல்லிய பொன்னும் விலக்கப்படும். மூன்றாவதாக, ஒரு குறி முடிந்து அடுத்ததற்குக் கருவி ஆயத்தமாகும் வேகத்தைக் கூட்டுக. நான்காவதாக, கூருணர்வைச் சற்றே தணித்திடுக. கூருணர்வு மிகுந்தால் சுற்றிலுமுள்ள இரும்பெல்லாம் சேர்ந்து கூச்சலிடும். பின்னர் அதே இடத்தைக் கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் மெல்லத் துழாவுக. ஒரு திசையில் மறைந்த குறி மறு திசையில் வெளிப்படக்கூடும். இவற்றால் கருவி எட்டும் ஆழம் குறையும். ஆயினும் முற்றத்தில் தவறிய தோடு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே கிடக்கும்.

சயனைடு மண்மேடுகளில் இக்கருவி பொன் காட்டும் என்று நம்புவோரும் உளர். ஆலையில் அரைத்துப் பொன் பிரித்தெடுத்தபின் கொட்டிய அம்மண்ணில் எஞ்சியிருப்பது, டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான நுண்துகளே. எந்த அமைப்பில் வைத்தாலும் அதனை இக்கருவி உணராது. நச்சுக் கலந்த அப்புழுதியில் அலைவது உடலுக்கும் கேடு.

தேடும்போது பழம் புதையல் ஏதேனும் அகப்படின், புதையற் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமையாகும். பாட்டியாரின் தோட்டைத் தேடுவோரோ, இரும்புக் குறி கேட்ட இடத்தையும் ஒருமுறை கையால் கிளறிப் பார்த்த பின்னரே அப்பால் நகர்தல் நன்று.