அவித்த கிழங்கும் வெங்காய வேரும்

எறையூரில் ஆலைச் சர்க்கரை உண்டு; பெரம்பலூர் வயல்களில் சின்ன வெங்காயம் உண்டு. உயிர்நூற் பரிசோதனை சில செய்வதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

தோல் சீவிய உருளைக்கிழங்கைக் குடைந்து, குழியிற் சர்க்கரைக் கரைசலை வார்த்து, அதன் மட்டத்தைக் குண்டூசியாற் குறித்து, நீருள்ள தட்டில் நிறுத்துவோம். சில மணி நேரத்தில் மட்டம் உயரும். வெளிநீர் உயிரணுக்களின் வழியே உட்புகுந்தமையே காரணம். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். அவித்த கிழங்கிலோ மட்டம் அங்ஙனம் உயராது. சூட்டினாற் சவ்வுகள் சிதையவே, நீரை விடுத்துச் சர்க்கரையைத் தடுக்கும் ஆற்றல் ஒழிந்தது. மாணாக்கர் பலர் இவ்வவித்த கிழங்கை வீண்வேலையென்று விட்டுவிடுகின்றனர். அஃதின்றேல் உயிருள்ள சவ்வின் தொழிலை எங்ஙனம் அறிவோம்?

முளைப்பயறு இட்டு மூடிய குப்பியுள் வைத்த சுண்ணாம்புத் தெளிநீர், பயறு வெளிவிடும் கரியமில வாயுவாற் பால்போல் வெளுக்கும். ஒப்புநோக்க வைக்கும் அவித்த பயற்றைக் கிருமிநாசினியில் நனைத்தல் வேண்டும். அழுகினால் அக்கிருமிகளும் சுவாசித்து நம்மை ஏமாற்றிவிடும்.

வெங்காயத்தின் செய்தி வேறு. அதன் அடியை நீரிற் படவைத்து, முளைத்த வேரின் நுனியை மட்டும் 2 மில்லிமீட்டர் அளவு நறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக்கிச் சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளிடையே நசுக்கி, உருப்பெருக்கியில் நோக்குவோம். இங்கே உயிரணுவைக் கொன்றே அதன் பிரிவினைக் காண்கின்றோம். 16 குரோமோசோம்களும் நடுவில் அணிவகுத்தல், பிளந்து இருபுறமும் விலகுதல் முதலிய நிலைகள், ஒரே நுனியின் வெவ்வேறு உயிரணுக்களில் அப்படியே நின்றுபோயிருக்கும்.