நிறுவனச் செலவில் முனைவர் பட்டம்

பணியாற்றும் நிறுவனமே கட்டணம் செலுத்தி முனைவர் பட்டத்திற்கு அனுப்புகிறதென்றால் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்குவது இயல்பே. எனினும் கையொப்பமிடுமுன் பிணைப்பத்திரத்தை இருமுறை வாசித்தல் நன்று. பட்டம் பெற்றபின் எத்தனை ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய வேண்டும்? இடையில் விலகினால் எவ்வளவு தொகையைத் திருப்பித் தரவேண்டும்? ஆய்வு முற்றுப்பெறாவிடின் என்ன நேரும்? இக்கடைசி வினாவைக் கேட்பவர் குறைவு. பத்திரமும் சிலவேளை அதுபற்றி மௌனம் சாதிக்கும்.

இந்தியாவில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. ஆய்வுக்குப் போதிய நேரம் கிட்டும் என்றும், பாட வகுப்புகளை முடிக்கத் தேவையானால் பணியிலிருந்து விடுவிப்பதாகவும் நிறுவனம் தடையில்லாச் சான்று தரவேண்டும். காலம் குறைந்தது 3 ஆண்டுகள், உச்சவரம்பு 6. மறுபதிவினால் மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 உண்டு.

சான்றில் எழுதப்படும் அந்தப் போதிய நேரத்தை அலுவலகம் மெய்யாகவே தராவிடில், அது மாலைப்பொழுதுகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்துமே எடுக்கப்படும். அவையோ துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. பிணைப்பத்திரத்தில் அவர்கள் கையொப்பம் கேட்கப்படுவதில்லை. ஆகவே மேலதிகாரியிடம் இசைவு கூறுமுன் இல்லத்தாரோடு அமர்ந்து, எந்த மாலைகள் ஆய்வுக்கு, எவை வீட்டுக்கு என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.